சாக்கடைக்கு டெல்லி

“இதெல்லாம் நீயே படிச்சுப் பேசுறியா, இல்ல யாரும் சொல்லிக் குடுத்து அனுப்பினாங்களா?” என்று கேட்டார் அந்த மாநகராட்சி அதிகாரி.

எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். இப்போது சட்டம் படிக்கிறேன். அவனியாபுரத்தில் எங்கள் தெருக் குடிநீரில் சாக்கடை கலந்து, அக்கா மகள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அந்தத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு போயிருந்தேன்.

அதிகாரியின் சட்டைப் பையில் தங்க நிறப் பேனா, நெற்றியில் கலையாத சந்தனம். வேலை என்றதும் ஆள்காட்டி விரலை ஜன்னல் பக்கம் நீட்டுவது அவர் வழக்கம். அந்தப் பக்கம் டெல்லியாம். எனக்குத் தெரிந்தது டீக்கடைதான்.

“ஏர்போர்ட் பக்கத்துத் தெருவா? அது சென்ட்ரல்மா. டெல்லிக்கு எழுது.”

“விமானந்தான் சார் டெல்லிக்கு. வடிகாலும் சுகாதாரமும் அரசியலமைப்புல மாநிலப் பட்டியல்ல இருக்கு. உங்க வேலை.”

அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். பாட்டிலை ஸ்கேலால் தள்ளியும் வைத்தார்.

அந்நேரம் எங்கள் தெருவிலேயே வணிக வளாகம் கட்டுபவர் உள்ளே வந்தார். “வாங்கண்ணே, கட்டட அனுமதிதானே? அம்புட்டும் நம்ம கையிலதான்” என்று எழுந்தே நின்றுவிட்டார் அதிகாரி. நீட்டிய விரல் மடங்கியிருந்தது.

தெரு ஒன்றுதான். சாக்கடை என்றால் டெல்லி, கட்டடம் என்றால் இவர். இப்படி ஓர் அரசியலமைப்பை எங்கே படித்தாரோ, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

நேற்று உயர் நீதிமன்றக் கிளையில் நானே மனுத் தாக்கல் செய்துவிட்டேன். எதிர்மனுதாரர்களில் டெல்லி இல்லை. அவர் பதவிதான் முதலில் இருக்கிறது.