இரண்டு தாள்களிலும் ஒன்பதாம் வகுப்பு

தேர்தல் துண்டறிக்கைகளைத் திருத்துபவருக்கு ஒரே விதிதான்: பிழையைக் களையலாம், வாக்குறுதியைத் தொடக்கூடாது. நான் தமிழாசிரியைப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பின் வந்த மும்பை மாநகராட்சித் தேர்தலில், தாராவியில் மோதிய இரு கட்சியினரும் தத்தம் தமிழ் அறிக்கைகளை என்னிடமே கொண்டுவந்தனர். இரண்டிலும் பொருள் கல்விச் சீர்திருத்தம். வாக்குறுதிகளை வாசித்தே கண் மங்கிய அன்பர்கள் என் நிலையை அறிவீர்கள்.

ஒற்றை பிளக் பாயிண்ட்

முதலில் வந்தவர் ஒரு கட்சியின் வட்டச் செயலாளர் துரைப்பாண்டி. 'பிள்ளைதோறும் ஒரு டேப்லெட்' என்றது அவருடைய தாள். நான் பணியாற்றிய பள்ளியில் வகுப்புக்கு ஒரு பிளக் பாயிண்ட்தான்; அதிலும் மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும். "அத்தனைக்கும் எங்கே சார்ஜ் ஏற்றுவீர்கள்?" என்று கேட்டேன்.

"டீச்சர், நீங்க தமிழப் பாருங்க, பிளக்க நாங்க பாத்துக்கிடுதோம்."

மொழிக் காவலர்

மறுநாள் எதிர்க்கட்சி வேட்பாளரே நேரில் வந்தார். முதல் வகுப்பிலேயே மூன்றாம் மொழியா என்று அவருடைய அறிக்கை கொதித்தது. தமிழைக் காப்பதாகச் சூளுரைத்தது. திருத்திய தாளை உரக்க வாசித்துத் தம் மொபைலில் பதிவுசெய்து தருமாறு வேண்டினார். கேட்டு மனப்பாடம் செய்துகொள்வாராம். "நீங்களே வாசிக்கலாமே?" என்றேன்.

"க்யா டீச்சர், தமிழக் காப்பாத்தணும்னா வாசிக்கவும் தெரியணுமா?"

காணாமற்போன வகுப்பு

தோல்பைப் பட்டறையில் வேலைசெய்யும் மாரியம்மாள், எட்டாம் வகுப்பில் படிக்கும் மகள் பொன்செல்வியோடு என்னைப் பார்க்க வந்தார். அவள் பள்ளியில் தமிழ் வழி எட்டாம் வகுப்போடு முடிகிறது. அதன்பின் வேறு மொழியில் தடுமாற வேண்டும். அல்லது தாயோடு பட்டறைக்குப் போக வேண்டும். மேசைமேல் கிடந்த இரு தாள்களையும் மகளை வாசிக்கச் சொல்லி, இறுதிவரை கேட்டார்.

"டேப்லெட்டு வருது, பாஷயக் காப்பாத்துதாங்க, எம்பிள்ள போவ ஒம்பதாங் கிளாஸ எங்க டீச்சர்?"

சிவப்பு மசி

அன்று மாலை இரு தாள்களிலும் விடுபட்ட சொற்களுக்குரிய குறியை இட்டு, ஓரத்தில் 'ஒன்பதாம், பத்தாம் வகுப்புகள் தமிழ் வழியில் தொடங்கப்படும்' என்று எழுதினேன். பக்கத்தில் வட்டமிட்ட ஒரு கேள்விக்குறி: முடிவு கட்சியினுடையது என்று பொருள். இரு தரப்பும் தாளைப் பிரித்தும் பாராமல் கிங்ஸ் சர்க்கிளில் உள்ள ஒரே அச்சகத்துக்கு அனுப்பிவிட்டன. அச்சக உரிமையாளர் மணி பாலக்காட்டுக் குடும்பத்தவர். தமிழைச் சரளமாகப் பேசுவார், எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். அச்சாகி வந்த இரு கட்டுகளிலும் அந்த வரி இருக்கக் கண்டு திடுக்கிட்டு அவரிடம் ஓடினேன்.

"அந்த வட்டம் என்னன்னு புரியலே, விட்டுட்டேன். மத்ததெல்லாம் நீங்க எழுதினபடியே இருக்கு. டீச்சர் சிவப்பு மசியிலே எழுதினா தப்பிருக்குமோ?"

பின்வாங்க வழியில்லை

விதியை மீறியவள் நான். ஆகவே இரு தரப்பிடமும் சென்று, அந்த வரி என்னுடையது, வேண்டுமானால் நீக்கி மறுபடி அச்சிடுங்கள் என்று சொன்னேன். வேட்பாளர் தலையைச் சொறிந்தார். அச்சான தாளைத் தொண்டர் ஒருவர் வாசிக்கக் கேட்டு, தாம் அதை ஏற்கெனவே மேடையில் பேசிவிட்டதாகச் சொன்னார். துரைப்பாண்டி எதிரியின் தாளை எடுத்து விரலால் தட்டினார்.

"அவன் குடுக்கான், நாங்க இல்லன்னா தெருவுல தல காட்ட முடியுமா? கெடக்கட்டும் டீச்சர்!"

பிறகு துரைப்பாண்டியின் கட்சி வென்றது. மாரியம்மாள் இரு தாள்களையும் பிளாஸ்டிக் உறையிலிட்டு, வாரந்தோறும் அக்கட்சி அலுவலகத்துக்குச் சென்று காட்டினார். ஜூன் மாதம் பள்ளியின் பழைய பண்டக அறையில் ஒன்பதாம் வகுப்பு தொடங்கியது. பொன்செல்வி முதல் வரிசையில் அமர்கிறாள். டேப்லெட் வரவில்லை. பத்தாம் வகுப்புக்கு ஆணை வரவில்லை. உறை இன்னும் மாரியம்மாள் கையில்தான் இருக்கிறது.

மேடைகளில் எவ்வளவு முழங்கினாலும், எங்கள் பகுதிக்குக் கல்விச் சீர்திருத்தம் வந்துசேர்ந்தது ஒரு தாளின் ஓரத்தின் வழியாகத்தான்.