பின் இடது டயர்

பிரசவத்துக்காக மனைவியைக் கிள்ளானுக்கு அழைத்துப் போகிறேன். சிம்பாங் அம்பாட் வந்ததும், டயரில் காற்றுக் குறைந்தால் சொல்லும் சின்னப் பெட்டி மறுபடியும் அலறுகிறது. போன வாரம் நானே பொருத்தியது. பின் இடது டயருக்கான சிவப்பு விளக்கு எரிகிறது. மனைவி பின்னிருக்கையில் தூங்குகிறாள். உடனே ஒரு டயர் கடையில் நிறுத்துகிறேன்.

கடைக்காரர் குனிந்து டயரின் உள்பக்கத்தைத் தடவுகிறார்.

"தம்பி, இப்பதான் கத்துச்சா?"

"இல்லண்ணே, முன்னாடியே ரெண்டு தடவ. பெட்டிதான் ரோசாக், கெட்டுப்போச்சுன்னு நெனச்சு அப்பல்லாம் சத்தத்த ஆஃப் பண்ணிட்டேன்."

"உள்ள கிழிஞ்சு நூல் தெரியுதுலா! ஹைவேல ஏறியிருந்தா வெடிச்சிருக்கும்."

மனைவி விழித்து, "என்னங்க ஆச்சு?" என்கிறாள்.

கதவைத் திறந்து முதலில் அவளைக் கீழே இறக்குகிறேன்.