பிரிட்டோவின் கணக்கு

குரோம்பேட்டையைத் தாண்டி, ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருந்த ஒரு பல்கலைக்கழகத்தில் அஜீசாவுக்கு வேலை. ஆராய்ச்சியாளர்களின் பெரிய கணக்குகளுக்காக நூற்றுக்கணக்கான கணினிகளை ஒன்றோடொன்று இணைத்து, ஒரே இயந்திரம் போல அங்கே ஓட விட்டிருந்தார்கள். கிளஸ்டர் என்பார்கள். அதைப் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. ஏசி மக்கர் செய்தால் ஓட வேண்டும். டிஸ்க் நிரம்பினால் ஆளாளுக்கு மெயில் போட்டுக் கெஞ்ச வேண்டும்.

அந்த அறைக்கு யாரும் வருவதில்லை. வரத் தேவையும் இல்லை. அவரவர் மேசையிலிருந்தே கணக்கை அனுப்புவார்கள். இடம் காலியானதும் இயந்திரம் வரிசைப்படி எடுத்து ஓட்டும். யார் அவசரக்காரர், யார் வெள்ளிக்கிழமை மாலை மொத்தமாகக் கொட்டிவிட்டுப் போகிறவர், யார் தப்பாக எழுதி அனுப்பிவிட்டு இயந்திரத்தைக் குறை சொல்கிறவர் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. முகம்தான் தெரியாது. எல்லாரும் திரையில் ஓடும் பெயர்கள்.

செம்பாக்கத்தில் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் ஃபிளாட். அம்மா மௌத்தான பிறகு அவள் மட்டும்தான். அண்ணன் வாஜித் குவைத்தில். வாரம் ஒருமுறை கூப்பிட்டு, சாப்பிட்டியா, தண்ணி ஒழுங்கா வருதா என்று கேட்பான். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சு ஓடாது.

அந்தப் பெயர்களில் பிரிட்டோ மட்டும் வேறு மாதிரி. வேதியியல் துறையில் உதவிப் பேராசிரியர். காசநோய்க் கிருமியின் ஒரு புரதத்தில் மருந்து போய் ஒட்டும்போது அது எப்படி மடங்குகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் இயந்திரம் நின்றால் எழுதுவார்கள். இவர் ஓடினால் எழுதுவார். மேடம், இன்னிக்கு மெஷின் ஜோரா ஓடுது, தேங்க்ஸ் என்று ஒரு வரி. அவளும் ஒரு வரி பதில் போடுவாள். அவ்வளவுதான் பழக்கம்.

ஒரு கட்டத்தில் அந்த மெயில் வருவது நின்றது. ஆனால் கணக்கு நிற்கவில்லை. ஒன்று முடிந்தால் அடுத்தது, அது முடிந்தால் இன்னொன்று. வேலை மும்முரத்தில் இருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். காலையில் வந்து உட்கார்ந்ததும் அவர் பெயர் ஓடுகிறதா என்று பார்ப்பது பழக்கமாகிவிட்டது. ஓடினால் ஆள் வந்திருக்கிறார் என்று ஒரு நிம்மதி.

அக்டோபரில் கிளஸ்டரைப் பயன்படுத்தும் எல்லாருடைய அனுமதியையும் புதுப்பிக்கும் வேலை வந்தது. பிரிட்டோவிடமிருந்து மட்டும் பதிலே இல்லை. துறைக்குப் போன் செய்தாள். அலுவலகத்தில் எடுத்தவர் கொஞ்சம் தயங்கினார்.

"பிரிட்டோ சாரா? அவரு தவறிட்டாரே மேடம். மார்ச்ல. ஹார்ட் அட்டாக். உங்களுக்கு யாரும் சொல்லலியா?"

போனை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். அவர் பெயர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கணக்கு முடிந்ததும் அதுவே அடுத்ததை அனுப்பிக்கொள்ளும்படி அவர் எழுதி வைத்திருந்தார். அதை நிறுத்தச் சொல்ல ஆள் இல்லை. ஏழு மாதமாக யாரைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று அவளுக்குப் புரியவில்லை. அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

மேலதிகாரி முகிலன் கெட்டவர் இல்லை. பாவம்தான், ஆனால் மற்றவர்கள் வரிசையில் காத்திருக்கிறார்கள், மூடிவிடுங்கள் என்றார். அவள் கொஞ்சம் அவகாசம் கேட்டாள். துறைத் தலைவரின் அனுமதியோடு கோப்புகளைத் திறந்து பார்த்தாள். அவருக்கு வேண்டிய விடை மே மாதமே வந்துவிட்டிருந்தது என்று துறையில் பார்த்துச் சொன்னார்கள். அதற்குப் பிறகு ஓடியதெல்லாம் சும்மா. அவரிடம் படித்த உதயா இப்போது வேறொருவரிடம் ஆய்வு செய்கிறாள். அவளிடம் எல்லாவற்றையும் ஒப்படைப்பது என்று முடிவாயிற்று.

அஜீசாவின் வேலை அதோடு முடிந்தது. இருந்தாலும் பிரிட்டோவின் மனைவி வினிதாவின் எண்ணை வாங்கி, ஒரு சனிக்கிழமை குரோம்பேட்டை ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த அந்த மாடி வீட்டுக்குப் போனாள். வினிதா பள்ளி ஆசிரியை. வந்தவளை உட்கார வைத்துக் காபி கொடுத்தாள். விஷயத்தைக் கேட்டதும் தம்ளரைக் கீழே வைத்தாள்.

"இப்பவும் ஓடுதா? அவர் பேர்லயா?"

"ஆமாங்க."

"அவர் கிட்ட பேசியிருக்கீங்களா?"

"இல்லங்க. மெயில் மட்டும்தான். குரல்கூடக் கேட்டதில்ல."

வினிதா தன் செல்லில் பழைய வாய்ஸ் மெசேஜ் ஒன்றைத் தேடி ஓட விட்டு, மேசைமேல் வைத்தாள். ரயில் இரைச்சலுக்கு நடுவே, கொஞ்சம் மூக்கடைத்த குரல். வினி, சிட்டில வேலை முடிஞ்சுது, வண்டி பல்லாவரத்துலயே நின்னுகிட்டு இருக்கு, தோசை மாவு வாங்கிட்டு வரட்டுமா என்றது. அஜீசா நினைத்து வைத்திருந்ததைவிட அது இளைய குரல். இன்னொரு முறை கேட்க ஆசையாக இருந்தது, கேட்கவில்லை.

திங்கட்கிழமை வினிதா பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்தாள். இயந்திர அறையின் இரைச்சலில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. எதில் ஓடுகிறது என்று கேட்டாள். ஒன்றில் இல்லை, பலவற்றில் பங்கு போட்டு ஓடுகிறது என்று சொல்லி, அஜீசா அவளைக் கடைசி வரிசைக்குப் பின்பக்கம் கூட்டிப்போனாள். அங்கே சூடான காற்று வந்தது. வினிதா கையை நீட்டி அந்தச் சூட்டில் வைத்துக்கொண்டு நின்றாள். அஜீசா நகர்ந்து கதவருகே போய்விட்டாள்.

வெகுநேரம் கழித்து வினிதா வந்து, "நிறுத்திடுங்க அக்கா" என்றாள்.

அஜீசா நிறுத்தினாள். இரைச்சல் கொஞ்சமும் குறையவில்லை. காலியான இடத்தை வரிசையில் இருந்த யாரோ உடனே பிடித்துக்கொண்டார்கள். அஜீசா வாசல்வரை போய் அவளை ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிட்டாள். ஒரு நாள் வீட்டுக்குச் சாப்பிட வாங்க அக்கா என்று வினிதா சொன்னாள். ஆனால் ஆண்டுத் தேர்வு முடிந்ததும் நாகர்கோவிலுக்கே பெற்றோரோடு இருக்கப் போய்விட்டதாக ஒரு செய்திதான் வந்தது.

மறு வருஷம் உதயாவின் கட்டுரை வெளிவந்தது. எழுதியவர்கள் வரிசையில் முதல் பெயர் பிரிட்டோ. அஜீசா அதைப் பிரிண்ட் எடுத்து முழுக்கப் படித்தாள். பாதிக்குமேல் புரியவில்லை.

இப்போதெல்லாம் கிளஸ்டரில் புதிதாக அனுமதி கேட்கிறவர்களை ஒரு தடவை நேரில் வந்துவிட்டுப் போகச் சொல்கிறாள். மெயிலிலேயே முடிகிற விஷயத்துக்கு எதற்கு இந்த அலைச்சல் என்று முகிலன் கேட்டார். வகுப்பு இருக்கிறது, வைவா இருக்கிறது என்று பெரும்பாலானவர்கள் தட்டிக்கழிக்கிறார்கள். ஒன்றிரண்டு பேர் வருகிறார்கள். எங்கிருந்து வருகிறீர்கள், எந்த ரயில் என்று விசாரிப்பாள். அவர்கள் மணியைப் பார்த்தபடி பதில் சொல்லிவிட்டுக் கிளம்புவார்கள். கதவு தானாக மூடிக்கொள்ளும். அவள் திரைப்பக்கம் திரும்பி உட்காருவாள்.