அப்பா வலது கார்னர், மாமா இடது கார்னர்

கழுத்தை வலப்பக்கம் திருப்பும்போதெல்லாம் "டொக்" என்று ஒரு சத்தம் போடும் எங்கள் வீட்டு டேபிள் ஃபேன். அந்தக் காற்றில், அப்பா முழங்காலில் தேய்த்துக்கொண்ட நீலகிரித் தைலத்தின் வாடை ஏறி, கூடத்திலிருந்து அடுப்படி வரைக்கும் போய்த் திரும்பும். என் பிள்ளைப் பருவம் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தச் சத்தமும் அந்த வாடையும்தான். கபடியில் அப்பாவுக்குப் பரிசாக வந்த ஃபேன் அது. அம்மா அதன் காற்றில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. சித்திரை வெயிலில் வேர்த்து ஒழுகினாலும் முந்தானையால் விசிறிக்கொண்டு வாசல் பக்கம் போய்விடுவாளே தவிர, அதன் எதிரில் வந்து நிற்க மாட்டாள்.

உறுவையாற்றுப் பக்கத்து ஆட்கள் யாரைப் பார்த்தாலும், வில்லியனூர் பஸ்ஸிலோ, ரேஷன் கடையிலோ, கல்யாணப் பந்தியில் இலை போட்டு உட்கார்ந்த பிறகோ, என்னிடம் கேட்பது இன்றைக்கும் ஒரே கேள்வி. "உங்கப்பன் பெரிய கார்னரா, உங்க மாமன் பெரிய கார்னரா?" வெளியூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போன எனக்குத் தலை நரைக்க ஆரம்பித்துவிட்டது, என் பிள்ளை காலேஜுக்குப் போகிறான், கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது. சத்தியமாக அலுத்துவிட்டது. ஒரே தடவை முழுசாகச் சொல்லி முடித்துவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கபடி பார்த்திராதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஏழு பேர் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு அரைவட்டமாக நிற்பார்கள். எதிராளி மூச்சு விடாமல் பாடிக்கொண்டு உள்ளே வருவான். அந்த அரைவட்டத்தின் இரண்டு ஓரங்களிலும் நிற்கிறவர்கள் கார்னர். வந்தவனின் காலை முதலில் பிடிக்க வேண்டியவர்கள் அவர்கள்தான். அவர்கள் பிடித்து நிறுத்தினால்தான் மற்றவர்கள் மேலே விழுந்து அமுக்க முடியும். எங்கள் ஊர் டீமில் வலது கார்னர் என் அப்பா கலியபெருமாள், இடது கார்னர் என் அம்மாவின் அண்ணன் ஏழுமலை மாமா.

அப்பா தாவுகிறவர். நெஞ்சு மண்ணில் தேயத் தாவிக் கணுக்காலைப் பிடித்தால் அப்புறம் அந்த ஆள் தன் பக்கம் போய்ச் சேர்ந்ததில்லை. ஆடி முடிந்து வீட்டுக்கு வரும்போது பனியனின் முன்பக்கம் களிமண் பூசிய சுவர் மாதிரி இருக்கும், அதைத் துவைத்தே அம்மாவுக்குக் கை ஓய்ந்தது. மாமா தாவ மாட்டார். இடுப்பை லேசாக வளைத்து, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் போலச் சும்மா நிற்பார். ஆனால் அவர் பிடியில் மாட்டி முட்டி பிசகிய ஒருவன் அந்தப் பருவம் முழுக்கக் கரும்பு வெட்டப் போகவில்லை என்ற பேச்சு பாகூர் வரைக்கும் பரவியிருந்தது. அதனால் பாடி வருகிறவர்கள் எல்லோரும் அவர் இருக்கிற ஓரத்தை விட்டு அப்பா பக்கமாகவே வருவார்கள். அப்பா பிடித்துக்கொண்டே இருப்பார். மாமா நின்றுகொண்டே இருப்பார்.

அத்தனை பேரைப் பிடித்தவன் பெரியவனா, பயந்து எவனும் கிட்டப் போகாதவன் பெரியவனா? வாதம் இவ்வளவுதான். டீக்கடை பெஞ்சில் அது எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். அப்பாவும் மாமாவும் அதைக் கேட்டுச் சிரித்தபடி ஒரே பீடிக்கட்டைப் பங்கு போட்டுக்கொண்டிருந்த காலமும் இருந்தது. அம்மாவிடம் போய்க் கேட்டால், "ரெண்டு பேருக்கும் சோறு போட்டவ நானு. எவன் அதிகம் தின்னான்னு வேணா சொல்றேன், போங்கப்பா" என்று விரட்டிவிடுவாள்.

அம்மா பிறந்த வீடு இரண்டு தெரு தள்ளித்தான். ஆனாலும் பொங்கலுக்கு முன்னால் மாமா "வரிசை" கொண்டு வருகிற அன்று, அவள் எங்கோ தூர தேசத்தில் வாழ்க்கைப்பட்டவள் போல விடிந்ததிலிருந்து வாசலுக்கும் உள்ளுக்குமாக நடப்பாள். புதுப்பானை, வெல்லம், பச்சரிசி, மஞ்சள் கொத்து, தோகையோடு கரும்பு, மேலே மடித்து வைத்த ஒரு சேலை. மாமா அதைத் தட்டோடு நீட்டி "இந்தா தனம்" என்பார். அவ்வளவுதான் பேச்சு. அந்தச் சேலையை அம்மா அன்றே கட்டிக்கொண்டு, ஒரு வேலையும் இல்லாமல் தெருக்குழாய் வரைக்கும் போய்விட்டு வருவாள்.

அந்த ஃபேன் வந்த வருஷம் எங்கள் டீம் கரிநாள் போட்டியில் கோப்பை வாங்கியது. காணும் பொங்கலை எங்கள் பக்கம் கரிநாள் என்போம். சிறந்த பிடிவீரர் என்று மைக்கில் அப்பா பெயரைச் சொல்லி அந்த ஃபேனைக் கொடுத்தார்கள். அப்பா அதைத் தலையில் வைத்துக்கொண்டு ஊருக்குள் வந்தார். மறுநாள் டீக்கடையில் யாரோ மாமாவைச் சீண்டியிருக்கிறார்கள். "அவன் புட்ச்சது அத்தினியும் நான் அனுப்பி வெச்சதுதான்டா" என்று மாமா சொன்னாராம். அது அப்பா காதுக்கு வருவதற்குள் கை கால் முளைத்துவிட்டது. அப்பா சும்மா இருந்தாரா? "நின்ன எடத்துலயே நிக்கிறதுக்கு வைக்கோல் பொம்மை போதுமே, மச்சான் எதுக்கு?" என்றார். அதுவும் போய்ச் சேர்ந்தது. ஊருக்கு ஒரே கொண்டாட்டம்.

அடுத்த கரிநாளில்தான் அந்தப் பைத்தியக்காரத்தனம் நடந்தது. யார் பெரியவர் என்று தீர்த்துக்கொள்வதற்காக இரண்டு பேரும் இடத்தை மாற்றிக்கொண்டார்கள். அப்பா இடது கார்னர், மாமா வலது கார்னர். அதுவும் அரையிறுதி ஆட்டத்தில். ஆயுசு முழுக்க ஒரு பக்கமே நின்று பழகிய உடம்பு, ஒரே நாளில் மறுபக்கம் எப்படித் திரும்பும்? அப்பா தப்பான தோளில் தாவி வெறும் மண்ணைக் கட்டிப் பிடித்தார். மாமாவோ, இவர்கள் இடம் மாறியதைக் கவனிக்காத எதிராளிகள் பழக்கதோஷத்தில் வலது பக்கமே பாடி வர, ஆட்டத்துக்கு ஆட்டம் சும்மா நின்றவர், எப்போது கை வைப்பது என்றே தெரியாமல் திணறினார். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கயிற்றுக்கு வெளியே நின்றிருந்தாள். மருதாணிச் சிவப்பு மங்காத கை. "மாறி நில்லுங்களேன், பழையபடி மாறி நில்லுங்களேன்" என்று அவள் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தது எனக்கு மட்டும்தான் கேட்டது.

தோற்றார்கள். நீதான் மாறி நிற்கலாம் என்றாய் என்று அவர் இவரைச் சொல்ல, இவர் அவரைச் சொல்ல, மைதானத்திலேயே சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அன்றோடு சரி. பேச்சு நின்றது.

அடுத்த பொங்கலுக்கு வரிசை வரவில்லை. "அவன் வந்து ஒத்துக்கட்டும், நான் இன்னா வாணான்னா சொல்றேன்?" என்றார் அப்பா. "மாப்ள வாயத் தொறந்து கூப்புடட்டும், அடுத்த நிமிசம் வர்றேன்" என்றாராம் மாமா. இவர் கூப்பிடவில்லை, அவர் வரவில்லை. அம்மா பொழுது ஏறுகிற வரைக்கும் அடுப்பு மூட்டாமல் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பழைய பானையைக் கழுவி அதிலேயே பொங்கினாள். அதற்கு அடுத்த வருஷமும் அப்படித்தான். அதற்கு அடுத்த வருஷமும். குழாயடியில் மாமா வீட்டு அத்தையும் அம்மாவும் மாடு கன்று போட்டது முதல் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸில் தண்ணி வரி கட்டியது வரை எல்லாம் பேசுவார்கள், இதை மட்டும் பேச மாட்டார்கள். நீயே ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாயேன் என்று நான் ஒரு தரம் சொன்னேன். "பொறந்த வூட்டுலேருந்து கூப்புடாம எப்படிடி போறது? உங்கப்பாவ விட்டுக் குடுத்த மாதிரி ஆவாதா?" என்றாள். அண்ணன் தன் வீட்டுப் படி ஏறி "இந்தா தனம்" என்று ஒரு தரம் சொல்ல வேண்டும், அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். எனக்குக் கல்யாணம் ஆனபோதுகூட மாமா மண்டபத்துக்கு வந்து முறை செய்துவிட்டு அப்படியே திரும்பிப் போனார், வீட்டுக்கு வரவில்லை.

அப்படியே காத்திருந்து அம்மா போய்விட்டாள். ஒரு காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றாள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

எங்கள் பக்கம் பெண் செத்தால் "பொறந்த வூட்டுக் கோடி" வந்து போர்த்தாமல் தூக்க மாட்டார்கள். பந்தலில் எல்லோரும் காத்திருந்தார்கள். அப்பா நாற்காலியில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார். மாமா எங்கே என்று பார்த்தால், தெருமுனைப் புங்கமரத்தடியில், சொந்தக்காரர்கள் சூழ, பித்து பிடித்தவர் போல நின்றுகொண்டிருக்கிறார். அங்கிருந்து ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. அப்பா கூப்பிட வேண்டுமாம்! வெயில் ஏறுகிறது, அம்மாவின் முகத்தில் ஈ உட்காருகிறது, இரண்டு மனிதர்கள் இரண்டு ஓரத்தில் அசையாமல் இருக்கிறார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. நானே எழுந்து போனேன். "மாமா, அம்மா கூப்புடுது. வா" என்றேன்.

மாமா அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதார். பிறகு அத்தையைப் பார்த்துத் தலையாட்டினார். அத்தை ஒரு பையை எடுத்து வந்தாள். கோடிச் சேலை ஒன்று இருக்கும் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்குள் வந்து அம்மாவின் காலடியில் அந்தப் பையைக் கவிழ்த்தால், சேலைகள். ஒன்றன் மேல் ஒன்றாகச் சேலைகள். மடிப்பில் வெளுத்தவை, பிரிக்காத கடை அட்டையோடு இருந்தவை, இப்போது யாரும் கட்டாத பூப்போட்ட நைலக்ஸ் முதற்கொண்டு. "பொங்கலுக்குப் பொங்கல் எடுத்தாந்து பீரோவுல வெப்பாரு. குழாயடியில நான் குடுத்துட்டு வர்றேன்னா, வரிசைய வூடேறிக் குடுக்கணும், தெருவுல வெச்சுக் குடுத்தா அது பிச்சைன்னு வாணான்னுட்டாரு" என்று அத்தை அழுதாள். மாமா மேலாக இருந்ததை எடுத்து விரித்து, "இந்தா தனம்" என்று போர்த்தினார். அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து வந்து அதன் மறுமுனையைப் பிடித்தார்.

இப்போது எங்கள் ஊரில் அந்தக் கபடி மைதானம் இல்லை. கல் நட்டு மனை போட்டு, பாதியில் வீடும் வந்துவிட்டது. பையன்கள் வில்லியனூருக்குப் போய் ரப்பர் மேட்டில் ஷூ போட்டுக்கொண்டு ஆடுகிறார்கள், பனியனில் மண் ஒட்டுவதில்லை. டீக்கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. அந்த வாதத்தை நடத்தியவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

மீதியிருக்கிற வாதம் எங்கள் வீட்டில்தான் நடக்கிறது. தினமும் சாயங்காலம் மாமா கம்பை ஊன்றிக்கொண்டு வந்துவிடுவார். "டொக்" "டொக்" என்று அடித்துக்கொள்ளும் அந்த ஃபேனுக்கு எதிரில் அப்பாவும் அவரும் உட்கார்ந்து, அன்றைக்கு யார் இடம் மாறச் சொன்னது, யார் பக்கம் எவன் பயந்தான் என்று ஆரம்பித்து, கத்தி, சிரித்து, இருமி, தைலத்தை மாற்றி மாற்றித் தேய்த்துக்கொள்வார்கள். ஊருக்கு வரும்போதெல்லாம் நான்தான் டீ போட்டுக் கொண்டுபோய் வைக்கிறேன். இவ்வளவுதானா, இதை அவள் இருக்கும்போதே பேசித் தொலைத்திருக்கக் கூடாதா என்று வாய் வரைக்கும் வரும். "நீ சொல்லும்மா, யாரு பெரிய கார்னர்?" என்று மாமா என்னையே கேட்பார். டீ ஆறுது குடிங்க என்பேன்.

மற்ற சேலைகளை நான்தான் வைத்திருக்கிறேன். வருஷத்துக்கு ஒன்றாகப் பொங்கலன்று பிரித்து, மடிப்புக் கிழிந்த இடத்தைத் தைத்துக் கட்டிக்கொண்டு, அவர்கள் முன்னால் டீயைக் கொண்டுபோய் வைக்கிறேன். அன்று ஒரு நாள் மட்டும் இரண்டு பேரும் கபடி பேசுவதில்லை.