சிவப்புக் கொடிக்கு முன்னால்

பர்கூர்ப் பக்கம் ஒரு டீக்கடையில் இன்று காலை, நான் தொடாமலே கிளாஸில் டீ நடுங்கியது. வட்டம் வட்டமாகச் சுருங்கி நடுவில் போய் அடங்கியது. கல்தூளின் வாசனை, ஈரச் சுண்ணாம்பு மாதிரி, நாக்கில் வந்து உட்கார்ந்தது. அந்த வாசனைக்கு எனக்குள் ஒரு வகுப்பறை இருக்கிறது.

பல வருஷம் முன்பு இங்கே ஒரு கல்லூரியில்தான் என் முதல் வேலை. வாதக் கட்டுரை எழுதச் சொல்லித்தர வேண்டும். படிப்பவரை மூன்று வழிகளில் இழுக்கலாம்: சொல்பவர்மேல் நம்பிக்கை, மனதைத் தொடுவது, காரணம் காட்டுவது. பிறகு, காரணம்போல வேடம் கட்டி வரும் பிழைகள். சொன்னால் சிரிப்பீர்கள், வாழ்க்கையில் நான் ஜெயித்த ஒரே வாதம் கொசுறு கொத்தமல்லிக்காக.

"ஒரு பிழைக்கு உதாரணம் சொல்லுங்க."

"ஓசூர் பஸ்ல எல்லாரும் படியிலதான் தொங்குறாங்க மேம். அப்ப அதான் சேஃப்!"

வகுப்பு சிரித்தது. நாகவேணி மட்டும் சிரிக்கவில்லை. "எங்க நாயனாவும் அப்படித்தான் மேம். இத்தன வருசம் ஒண்ணும் ஆவல, இனியும் ஆவாதுங்கறாரு."

அப்பாவை அவள் நாயனா என்பாள். தெலுங்கு பேசும் வீடு. கல்குவாரிக்கு அடியிலேயே இருந்தது. வெடி அதிர்ந்து அதிர்ந்து பின்சுவரில் கை நுழையும் விரிசல். அவள் அப்பாதான் குவாரியில் கொடி பிடிப்பவர். வெடிக்கு முன்னால் சாலையில் சிவப்புக் கொடியோடு நின்று "வேட்டு! வேட்டு!" என்று கத்துவார். பஸ், லாரி, கல்யாணக் கார் எல்லாம் நிற்கும். அந்தக் கொடியை யாரும் தாண்டியதில்லை.

வீட்டை மாற்றச் சொல்லி அவருக்கே ஒரு கட்டுரை எழுதிப் படித்துக் காட்டினாள். கோபம் வந்தால் தமிழுக்கு மாறிவிடுவாராம். "கல்லு எந்தப் பக்கம் பறக்கும்னு நேத்து பேனா புடிச்சவ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?" பக்கத்து வீட்டில் "வக்கீலம்மா" என்று சிரித்தார்கள்.

மழை பிடித்தது. விரிசலில் தண்ணீர் இறங்கியது. மதிய வெடியில் வகுப்பு ஜன்னல் அதிரும்போதெல்லாம் நாங்கள் பலகையை விட்டு அவளைப் பார்ப்போம்.

ஒரு திங்கட்கிழமை வந்து சொன்னாள். "பேசவே இல்ல மேம். அவரு கொடிய எடுத்து எங்க வாசல்ல கட்டிட்டேன்."

"அப்பா?"

"வெளியவே நின்னாரு. அவுக்கவும் இல்ல, தாண்டவும் இல்ல. 'சொந்த வீட்டுக்குள்ள வர என்னய்யா'ன்னு அம்மா கத்துறாங்க. பொழுது சாஞ்சதும் 'சாமான எடுங்க'ன்னாரு."

"இது எந்த வழி மேம்?" என்றது பின்பெஞ்சு. மூன்றையும் பலகையில் எழுதினேன். எதை அடிக்கோடிடுவது என்று தெரியாமல் சாக்பீஸோடு நின்றேன்.

அந்த மழையிலேயே பின்சுவர் விழுந்தது. உள்ளே பல்லிகள்தான் இருந்திருக்கும்.

இப்போது நாகவேணியின் வீடு இருந்த வரிசையில் ஒரு வீடும் இல்லை. குன்று நின்ற இடத்தில் பச்சைத் தண்ணீர் தேங்கிய பள்ளம். குவாரி நகர்ந்து இந்தக் கடைக்குப் பின்னால் வந்திருக்கிறது. கிளாஸ் மறுபடி நடுங்கியது. யாரும் வேட்டு என்று கத்தவில்லையே என்றேன்.

"இப்ப யாரு மேடம் கத்துறாங்க?" கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். "தெனம் வெடிக்குது. ஒண்ணும் ஆவல."

அவர் முதுகுக்குப் பின்னால், சுவரில், மேலிருந்து கீழாகப் புதிதாய் ஒரு கோடு. சாலையில் பஸ்கள் நிற்காமல் போய்க்கொண்டிருந்தன.