நடைக்கு அம்மா எடுத்த தரை

எல்லாம் வல்ல முருகப்பெருமானை வணங்கி இதை எழுதுகிறேன். அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவு மலரிலேயே இதை எழுதியிருக்க வேண்டும். அன்றும் எழுதவில்லை, அதற்கு அடுத்த ஆண்டுகளிலும் எழுதவில்லை. பேனாவைக் கையில் எடுப்பேன். "நாங் கண்ண மூடற வரைக்கும் ஒருத்தருகிட்டயும் சொல்லாதீங்க சாமி" என்று அம்மா சொன்னது நினைவுக்கு வரும். மூடி வைத்துவிடுவேன். "அதான் அம்மா போயாச்சே, இன்னும் எதுக்குண்ணா மறைக்கிறே?" என்று தங்கை பலமுறை கேட்டாள். ஆனாலும் மனம் துணியவில்லை. அதிகம் படிக்காதவன். எழுத்தில் பிழை இருந்தால் உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது எழுதக் காரணம், அண்மையில் ஒரு கல்யாணப் பந்தியில் என் காதில் விழுந்த பேச்சு. எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த இருவர் எங்கள் வீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். "மருமவ பேஷனுக்குப் போட்ட டைல்ஸுல வழுக்கி உழுந்துதான் பாவம் அந்தம்மா போய்ச் சேந்துச்சு" என்றார் ஒருவர். மற்றவர் "ம்" கொட்டினார். சோற்றை வைத்துக்கொண்டு இலையை விட்டு எழக்கூடாது என்பது அம்மா சொல்லிக் கொடுத்தது. அதனால் எழவில்லை.

அம்மா வழுக்கி விழவும் இல்லை. அந்தத் தரையை என் துணைவியார் எடுக்கவும் இல்லை. நடந்தது இதுதான்.

அம்மா பிறந்தது ஊத்துக்குளிக்கு அருகில், பால் மாடு வைத்துப் பிழைத்த குடும்பத்தில். வாழ்க்கைப்பட்டது அனுப்பர்பாளையத்தில், பாத்திரப் பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்த அப்பாவுக்கு. நானும் தங்கையும் சிறு பிள்ளைகளாக இருக்கும்போதே அப்பா காலமாகிவிட்டார். அதன் பிறகு அம்மா பனியன் கம்பெனிக்குச் செக்கிங் வேலைக்குப் போனார். தைத்து வரும் துணியை மேசையில் விரித்து ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் இவற்றைக் கண்டுபிடிக்கிற வேலை. அந்தப் பழக்கம் அவரை வெளியிலும் விடவில்லை. ஒரு விசேஷத்தில் மாப்பிள்ளையின் தோழனைக் கூப்பிட்டு, "கண்ணு, அக்குள்ல தையல் உட்டிருக்குது, கையத் தூக்கி ஆடாதே" என்று சொல்லியிருக்கிறார். கோயிலுக்குப் போனால் அம்மனைக் கும்பிட்டுவிட்டு, சார்த்தியிருக்கும் சேலையின் கரையையும் ஒரு பார்வை பார்ப்பார். சாமியே மன்னிக்கும் என்று நாங்கள் சிரிப்போம்.

நெருப்பெரிச்சல் பகுதியில் நாங்கள் வீடு கட்டிய காலத்தில் அம்மா வேலையிலிருந்து நின்றிருந்தார். வாசல் கதவிலிருந்து பூஜை அறை வரை நீளமாக ஒரு நடை விட்டோம். படுக்கையறைக்கும் சமையலறைக்கும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். மற்ற இடத்துக்கெல்லாம் உங்கள் இஷ்டம்போலப் போடுங்கள், நடைக்கு மட்டும் அந்தக் காலத்துப் பெரிய வீடுகளில் இருக்கிற மாதிரிப் பூவும் கொடியும் போட்ட தரை வேண்டும் என்றார் அம்மா. தனக்கென்று எதையும் கேட்டறியாதவர் கேட்கிறாரே என்று எங்களுக்குச் சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் கடை கடையாக ஏறி இறங்கியதில் கரைந்தது. பழைய மாதிரி டைல்ஸ் எல்லாக் கடையிலும் இருந்தது. எதைக் காட்டினாலும் அம்மா, "இதக் கீழ வைங்க, காலு வெச்சுப் பாக்கோணும்" என்பார். செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தை வைத்து மெல்லத் தேய்ப்பார். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிடுவார்.

ஒரு கடைக்காரர் சொன்னார்: "எங்க கடைக்கு வர்றவிய எல்லாம் கண்ணுல பாத்து எடுப்பாங்க. நீங்க காலுல பாக்கறீங்களே!"

"நடக்கறது காலுதானுங்க? கண்ணா நடக்குது?" என்றார் அம்மா.

கடைக்காரர் சிரித்துவிட்டார். சிரித்தவர் சும்மா இருக்கவில்லை, உள்ளே போய் வேறொரு சாம்பிளை எடுத்து வந்தார். சிவப்புத் தரையில் ஓரக்கல் மட்டும் தனி. அதில் கொடி மேலே உப்பலாக ஓடியது. அம்மா பாதத்தை வைத்தார், எடுக்கவில்லை. "இதுதான்" என்றார்.

அந்தக் கல் போதுமான அளவு வராது என்று தெரிந்ததும், அச்சு அசலாக அதே கொடி உள்ள இன்னொன்றை வேறு கடையில் நானே எடுத்து வந்து இறக்கினேன். நிறம், கொடி, பூ எதிலும் வித்தியாசம் சொல்ல முடியாது. அம்மா வந்து காலை வைத்தார்.

"இது பிரிண்ட்டு சாமி. எனக்கு எம்பிராய்டரி வேணும்."

கம்பெனியில் துணிக்குச் சொல்கிற பேச்சு அது; பிரிண்ட் தடவினால் தட்டாது, எம்பிராய்டரி தட்டும். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பாக்கறதுக்கு ரெண்டும் ஒண்ணுதானம்மா! தரைக்குப் போய் எம்பிராய்டரி கேக்கறீங்களே!" என்றேன். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்போது என் துணைவியார்தான் சொன்னார்: "அத்தை, நீங்க சொல்லலைன்னா நான் சொல்லிருவனுங்க." அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். துணைவியாரே என் பக்கம் திரும்பி, "அத்தைக்குக் கண்ணு பக்கவாட்டுல தெரியறதில்லீங்க. கீழயும் தெரியறதில்ல. வெளக்கேத்தறப்ப திரியத் தடவித்தான் பாக்கறாங்க. ஆசுபத்திரிக்கு நானுந்தான் கூடப் போனேன்" என்றார்.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறிப் பார்வை ஓரத்திலிருந்து சுருங்கி வரும் நோய். போன பார்வை திரும்பாது, மீதியும் மெல்லப் போய்விடும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அதைப் பிள்ளைகளான எங்களிடம் மறைத்துவிட்டு, இருட்டு முழுவதும் வருமுன் தன் நடையைத் தயார் செய்துகொண்டிருக்கிறார் அம்மா.

"தெரிஞ்சா எல்லாரும் ஐயோ பாவம்னு வந்து கையப் புடிப்பாங்க. அப்பறம் என்ற ஊட்டுக்குள்ளயே நான் விருந்தாளி ஆயிருவேன். காலு இருக்குதில்ல, நானே போய்க்கறேன்" என்றார். பிறகுதான், கண்ணை மூடும் வரை யாரிடமும் சொல்லக்கூடாது என்று எங்கள் இருவரிடமும் வாக்கு வாங்கினார். தங்கையிடம் மட்டும் தானே சொல்லிக்கொண்டார்.

நான் இறக்கிய கல் திரும்பிப் போனது. பழைய கடைக்காரர் எங்கெங்கோ சொல்லிவைத்து அந்த உப்பல் கொடிக் கல்லை வரவழைத்துக் கொடுத்தார். கல் பதித்தவர் ஒரு வடநாட்டு மேஸ்திரி. நடையின் இடதுபக்கம் மட்டும் கொடி ஓட வேண்டும், ஒவ்வொரு கதவுக்கு நேராகவும் ஒரு பூக்கல் வர வேண்டும் என்று அம்மா சொன்னதும் அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

"அம்மா, தோ சைடு, ரெண்டு சைடு பார்டர் போட்டா தான் சூப்பர். ஒன் சைடு நல்லா இல்ல. பாக்குற ஆளு என்னைத் திட்டும்."

"ஒரு பக்கம் போதும் சாமி. நான் ஒருத்திதான போறேன்."

அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, உட்கார்ந்து நூல் பிடித்து அப்படியே பதித்துக் கொடுத்தார்.

புதுமனை புகுவிழா அன்று வந்தவர்களின் கண்ணெல்லாம் அந்த ஒற்றைக் கொடியில்தான். பெரியம்மா சபையில் சத்தமாகவே கேட்டார்: "ஏனுங்க, கல்லு பத்தாமப் போச்சா? ஒரு பக்கம் கரை வெச்ச சீலையாட்டம் இருக்குது! யாரு எடுத்தது இத?"

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா வாயைத் திறந்தார். அதற்குள் என் துணைவியார், "நாந்தானுங்க பெரியத்தை. எனக்கு அந்தக் காலத்து டிசைனுன்னா உசுரு" என்று சொல்லிவிட்டார்.

"அதான பாத்தேன்! வயசானவ இருக்கற ஊட்ட மியூசியமாக்கிப்போட்டயே கண்ணு" என்றார் பெரியம்மா. அன்று தொடங்கியதுதான் அந்தப் பேச்சு.

விருந்தினர் போன பிறகு அம்மா, "புது ஊட்டுல மொத நாளே எதுக்குக் கண்ணு பொய் சொன்னே?" என்று கேட்டார்.

"பொய் இல்லீங்க அத்தை. எனக்கும் புடிச்சுத்தான் இருக்குது."

மறுநாள் அம்மா முருகனுக்குத் தேங்காய் உடைக்கச் சொன்னார். "அவ சொன்ன பொய்ய என்ற கணக்குல வெச்சுக்கப்பா" என்று வேண்டிக்கொண்டதைப் பக்கத்தில் நின்ற நான் கேட்டேன்.

அதற்குப் பிறகு அம்மா அந்த வீட்டில் நடந்ததை நினைத்தால் இன்றும் மனம் குளிர்கிறது. குளித்துவிட்டு ஈரத் தலைமுடியோடு இடது பாதத்தைக் கொடியில் வைத்து நிமிர்ந்து வருவார். பூக்கல்லில் கால் பட்டதும் திரும்புவார். விளக்கேற்றிவிட்டு அதே வழியாக வந்து, வாசலில் குரல் கேட்டால் ஆளைப் பெயர் சொல்லி வரவேற்பார். யாராவது கல்யாணப் பத்திரிகை நீட்டினால், "மருமவகிட்டக் குடுங்க, ஊட்டு மகாலட்சுமி வாங்கட்டும்" என்பார். பார்வை முற்றிலும் போன பிறகும் வந்து போன உங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. தாம் வந்தபோது அம்மா எழுந்து வரவில்லை என்று குறைப்பட்டவரும் ஒருவர் இல்லை.

கடைசியில் வந்தது காய்ச்சலும் நெஞ்சுச் சளியும்தான். வண்டிக்குத் தூக்கிக்கொண்டு போகலாம் என்றேன். அம்மா கையை விலக்கிவிட்டுக் கொடியில் காலை வைத்தார். என் துணைவியார் கையைப் பிடிக்காமல் ஓரடி பின்னால் நடந்து போனார். மருத்துவமனையிலிருந்து அம்மா திரும்பவில்லை. முருகா என்றபடியே அடங்கினார்.

அம்மாவைக் கவனித்த மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், செய்தி கேட்டு ஓடி வந்த பங்காளிகளுக்கும், அம்மாவுடன் வேலை பார்த்த கம்பெனிக் கூட்டாளிகளுக்கும், அலைந்து கல்லைத் தேடித் தந்த கடைக்காரருக்கும், துக்கத்துக்கு வந்து தான் பதித்த தரையில் உட்கார்ந்து அழுத மேஸ்திரிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெரியம்மா இதைப் படித்து வருந்த வேண்டாம். உங்கள் பேச்சில் கள்ளம் இல்லை என்று அம்மாவுக்குத் தெரியும்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இதைத் துணைவியாரிடம் படித்துக் காட்டினேன். "என்னப் பத்தி எதுக்குங்க? அத்தையப் பத்தி மட்டும் எழுதுங்க" என்றார். அத்தையைப் பற்றி எழுதினால் அதில் அவர் வராமல் எப்படி இருக்கும்?

இதைப் படிக்கும் உறவினர்களிடம் கைகூப்பிக் கேட்பது ஒன்றுதான். இனி எந்தப் பந்தியிலாவது எங்கள் வீட்டுத் தரையைப் பற்றிப் பேச்சு வந்தால், இதில் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அம்மாவைப் பரிதாபத்துக்குரியவராகச் சொல்ல வேண்டாம், அது அவருக்குப் பிடிக்காது. என் துணைவியாரைத் தெய்வமாக்கவும் வேண்டாம், மாமியாரும் மருமகளும் முகம் கொடுத்துப் பேசாத நாட்களும் எங்கள் வீட்டில் இருந்தன. தரையை எடுத்தவர் அம்மா. அந்தப் பேச்சை இத்தனை காலம் தன் பெயரில் வாங்கிக்கொண்டவர் மருமகள். இந்த இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.