ஓடைப்பாலத்தில் ஒரு பள்ளம்

தார் ரோட்டின் மேல் யாராவது குப்பையைக் குவித்துத் தீ வைத்தால் எனக்கு வாய் சும்மா இருக்காது. மூக்கண்டப்பள்ளியில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் இதனால் எனக்கு நல்ல பெயர் கிடையாது. போன போகியன்று எதிர்வீட்டுப் பிள்ளைகள் பழைய பாயை நடுத்தெருவில் போட்டுக் கொளுத்த, நான் நைட்டியோடு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். "ரோட்டுக்காரம்மா வந்துட்டாங்கடா!" என்று சிதறி ஓடினார்கள். ஓடட்டும். ஆனால் நியாயமாகப் பார்த்தால் அந்த வாளியைத் தூக்க எனக்கு யோக்கியதையே கிடையாது. அவர்கள் வயதில் நான் செய்த காரியத்தைக் கேட்டால் நீங்களே சொல்வீர்கள்.

எங்கள் ஊர் பேரிகைக்குப் பக்கம். மெயின் ரோட்டிலிருந்து உள்ளே இரண்டு கிலோமீட்டர். எனக்கு எட்டு வயதாகும்போதுதான் அந்த இரண்டு கிலோமீட்டருக்கும் தார் போட்டார்கள். போட்ட மறு மாதமே ஓசூரிலிருந்து கம்பெனி பஸ் ஒன்று ஊருக்குள் வந்து, கோயிலுக்கு எதிரே இருந்த எங்கள் வீட்டு முன்னால் திரும்பிப் போகத் தொடங்கியது. என் அக்காவும் ஊரில் இன்னும் மூன்று பெண்களும் அதில் வேலைக்குப் போனார்கள். விடிவதற்கு முன்னாலேயே பஸ் வந்துவிடும். ஹாரன் அடித்தால் நாய்களும் நானும் ஒன்றாக எழுந்திருப்போம்.

அக்காவை வேலைக்கு அனுப்ப அப்பா சம்மதித்தது லேசான காரியமல்ல. தக்காளியும் முட்டைக்கோசும் போடுகிற மனுஷன். பன்னிரண்டாவது முடித்த பெண் ஒரு வருஷம் வீட்டில் அழுது தீர்த்த பிறகு, ஒரு நிபந்தனை போட்டார். "பஸ் வூட்டு முன்னாடி வந்து ஏத்திக்கினு, வூட்டு முன்னாடியே எறக்கி உடணும். என்னிக்கு அது நிக்குதோ அன்னிக்கு வேலையும் நின்னுது. அப்புறம் மாலூர்ல கேட்டுக்கினு இருக்கற எடத்துக்குக் கம்முனு தலையாட்டணும்." அக்கா சரி என்றாள்.

சரி என்றாளே தவிர, அன்றிலிருந்து அவளுக்கு ரோட்டுப் பைத்தியம் பிடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை லீவு நாளில் ஊர்ப்பெண்கள் தலைக்குக் குளித்து டிவி முன்னால் உட்கார்ந்திருக்க, இவள் மம்முட்டியோடு ரோட்டோரத்துப் புல்லைச் செதுக்குவாள். மண் மேடு கட்டியிருந்தால் வெட்டி, தண்ணீர் ஓடையில் இறங்க வாய்க்கால் விடுவாள். தாரில் மயிரிழை போல விரிசல் தெரிந்தால் மாமாவிடம் சொல்லி அனுப்புவாள். மாமா என்றால் அம்மாவின் தம்பி. கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். ஒரு காண்டிராக்டரிடம் தார் போடும் கேங்கில் வேலை. அவருடைய சட்டைகளில் தார்ப்பொட்டு இல்லாத சட்டையை நான் பார்த்ததில்லை. "லாரி ஏறி ரோடு சாவறதில்ல. வெடிப்புல தண்ணி எறங்கித்தான் சாவுது," என்று அவர் ஒருநாள் சாப்பாட்டுக்கு நடுவில் சொன்னதை அக்கா வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். ஒரு டின் தாரை வாங்கிவந்து, காய்ச்சி, கெட்டில் மாதிரி மூக்கு வைத்த பாத்திரத்தால் விரிசல்களில் ஊற்றுவாள். "ரோட்டுக்கு இன்னும் எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டலியா?" என்று அம்மா கிண்டல் செய்வாள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

அடுத்த வருஷம் போகி வந்தது. எனக்கு ஒன்பது வயது. நானும் இரண்டு சிநேகிதிகளும் கிழிந்த பாய், தேய்ந்த துடைப்பம், உடைந்த முறம் எல்லாம் சேர்த்து, கூடவே ஒரு பழைய மொபெட் டயரையும் உருட்டிக்கொண்டு கிளம்பினோம். வைக்கோல் போர் பக்கம் கொளுத்தினால் தோலை உரித்துவிடுவேன் என்று அப்பா எச்சரித்திருந்தார். நாங்கள் பொறுப்பான பிள்ளைகள். நன்றாக யோசித்துத்தான் ஊர் எல்லையில் இருந்த ஓடைப்பாலத்தைத் தேர்ந்தெடுத்தோம். பக்கத்தில் போர் இல்லை, வீடு இல்லை, ஏதாவது ஆனால் அணைக்கக் கீழே தண்ணீர் இருக்கிறது. இவ்வளவு யோசித்தவர்களுக்குத் தீக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது மட்டும் தோன்றவில்லை. மண் ரோட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தரையும் எரியும் என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

டயர் அபாரமாக எரிந்தது. குனிந்து குனிந்து ஊதியதில் என் இடது புருவம் பொசுங்கிப் போனது. தீ அடங்கியபோது ரோட்டில் வட்டமாகக் கறுப்பு கொப்பளித்திருந்தது. அது ஏதோ டயரின் மிச்சம் என்று நினைத்துக்கொண்டு பொங்கல் கரும்பைத் தின்னப் போய்விட்டோம்.

பத்து நாளில் அந்த இடத்தில் ஜல்லி பெயர்ந்து வந்தது. தக்காளி ஏற்றிய பிக்கப் வண்டிகள் ஏறி ஏறிக் குழியானது. எங்கள் தோட்டத்துச் சொட்டுநீர்க் குழாயைக் கழுவிவிடும் தண்ணீர் வேறு அதில் வந்து தேங்கியது. தை முடிவதற்குள் கணுக்கால் முங்கும் பள்ளம். மற்ற இடமாக இருந்தால் ஒதுங்கிப் போகலாம். பாலத்தின் மேல் பஸ்ஸுக்கு ஒதுங்க இடம் ஏது? ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அக்காவை இறக்கிவிட்ட டிரைவர், வாசலில் நின்ற அப்பாவுக்கும் கேட்கும்படி சொன்னார். "ஏம்மா, பஸ்ஸு அடில இடிக்குது. இன்னும் ஒரு வாரம் பாப்பேன். அப்பறம் நீங்க நாலு பேரும் மெயின் ரோட்டுக்கு வந்துருங்க. நான் என்ன பண்றது, கம்பெனில சொல்லிட்டாங்க."

அக்கா பஞ்சாயத்தில் கேட்டதற்கு எழுதி அனுப்பியிருக்கிறோம் என்றார்கள். அப்பா கேட்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. அன்றைக்கே கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கமுள்ள மாலூருக்குப் போன் போட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து பெண்ணைப் பார்க்கச் சொல்லிவிட்டார்.

அக்கா என் மோவாயைப் பிடித்துத் தூக்கி, அரைகுறையாக வளர்ந்திருந்த புருவத்தைப் பார்த்தாள். "பாப்பா, நீதான அது?" நான் ஓவென்று அழுதேன். பளாரென்று ஒன்று விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. "அழுது தொலைக்காத. ஞாயித்துக்கெழம காலைல தொடப்பம் எடுத்துக்கினு எங்கூட வா," என்றாள். அடித்திருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன். அடிக்காததால் இன்றுவரை மறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பனி விலகுவதற்குள் மாமா மொபெட்டில் தார் டின்னும் இரண்டு தக்காளிக் கிரேட் நிறைய ஜல்லியுமாக வந்து சேர்ந்தார். மேஸ்திரியிடம் கேட்டு வாங்கிய மிச்சச் சரக்கு. கூட வருவதாகச் சொன்ன ஆள் வரவில்லை. பள்ளத்தின் ஓரத்தை உளியால் வெட்டிச் சதுரமாக்கினார்கள். வட்டமாக விட்டால் ஓரத்திலிருந்தே பெயர்ந்துவிடுமாம். அடியில் ஒரு பொட்டுத் தூசி இருந்தாலும் தார் பிடிக்காது என்பதால் நான் பெருக்கிப் பெருக்கி, துணியால் துடைத்தேன். எங்கள் வீட்டு அடுப்படியை ஒருநாளும் நான் அப்படித் துடைத்ததில்லை. காய்ச்சிய தாரை அக்கா பள்ளம் முழுக்கத் தடவ, தாரில் புரட்டிய ஜல்லியை மாமா கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டினார்.

குளித்துப் புடவை கட்டச் சொல்லி அக்காவைக் கூப்பிட அப்பா வந்தார். பின்னால் கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். மாமா, ஜல்லியை இடித்து இறுக்கும் கனமான இரும்புக் கட்டையை அவர் பக்கம் நீட்டினார். "ஒரு கை புடிங்க. ஆள் பத்தல." அப்பா துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு இறங்கினார். இறங்கினால் அவருக்கு அரைகுறையாக வேலை செய்யத் தெரியாது. மாமா போதும் என்ற பிறகும் இடித்தார்.

"மட்டமாயிடுச்சே, போதாதா?" என்றார் கடைசியில். அக்கா குறுக்கே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். "இல்லப்பா. இன்னும் அர இஞ்சு மேல நிக்கணும். பஸ்ஸு ஏற ஏறத் தானா அமுங்கும். இப்பவே மட்டமா உட்டா நாளைக்குப் பள்ளந்தான்." அப்பா நூலைப் பார்த்தார். பிறகு முழங்கைவரை தாராக நின்ற அவளைப் பார்த்தார். இன்னொரு கூடை ஜல்லியை எடுத்துக் கொட்டினார்.

மேலே கல்தூள் தூவியதும் மாமா, சாயங்காலம் வரைக்கும் ஒரு சக்கரம் ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டு, ஓடையில் கை கால் கழுவப் போனார். அப்பா இரண்டு பக்கமும் கல்லை உருட்டி வைத்து, நடுவில் முள்ளை வெட்டிப் போட்டார். தக்காளி வண்டிகள் நிற்குமா? ஒவ்வொன்றாக வந்தன. அப்பாவே எங்கள் தோட்டத்துப் படலைத் திறந்துவிட்டு, உள்ளே போகும் வண்டிப்பாதையில் விட்டு, ஓடையில் இறங்கி ஏறி அந்தப் பக்கம் ரோட்டைப் பிடிக்க வழி காட்டினார். மூன்று பிக்கப்பும் ஒரு பால் டெம்போவும் அப்படித்தான் சுற்றிப் போயின. எனக்கு ஏக உற்சாகம். அப்பாவின் துண்டை வாங்கிக்கொண்டு, "இப்பிடி சுத்திக்கினு போங்க!" என்று கத்திக் கையாட்டினேன்.

அப்போதுதான் மாலூர்க் கார் வந்தது. வெள்ளைக் கார், முன்னால் மல்லிகைச் சரம். மாப்பிள்ளை ஓட்ட, பக்கத்தில் அவருடைய பெரியப்பா, பின்னால் இரண்டு பெண்கள் பழத்தட்டோடு. அப்பா கல்லுக்கு முன்னால் போய் நின்று கும்பிட்டார்.

"வாங்க வாங்க. தாரு இப்பத்தான் போட்டுது, இன்னும் காயல. கோயிலாண்ட வூடு. கொஞ்சம் எறங்கி நடந்து வந்துருங்க."

பெரியப்பா கண்ணாடியை இறக்கினார். "என்னங்க இது? பொண்ணு பாக்க வந்தவங்கள நடுரோட்ல எறக்கி நடக்க உடுவீங்களா?"

"நாளைக்குக் காலைல பஸ்ஸு வரணும்ங்க."

"எந்த பஸ்ஸு?"

"எம் பொண்ணு வேலைக்குப் போற பஸ்ஸு."

எனக்குத் தாங்கவில்லை. வீட்டில் அம்மா முந்திரி போட்டு கேசரி கிளறியிருந்தாள். வந்தவர்கள் உட்கார்ந்தால்தான் எனக்கும் தட்டு. "அப்பா, நம்ம தோட்டத்து வழியா உடலாம்ப்பா! நான் காட்டறேன்!" என்று துண்டைத் தூக்கினேன். அப்பாவின் கை என் தோளில் வந்து அழுந்தியது. "கம்முனு இரு பாப்பா," என்றார்.

பெரியப்பாவின் பார்வை பள்ளத்தோரம் போனது. அக்கா மண்ணெண்ணெய்த் துணியைக் கையில் வைத்துக்கொண்டு, பழைய சுடிதாரில் அசையாமல் நின்றிருந்தாள். "இதுவா பொண்ணு?"

"ஆமாங்க," என்றார் அப்பா. "இதுதான் எம் பொண்ணு."

அந்தக் குரலில் வெட்கமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. பெரியப்பா மாப்பிள்ளையிடம் கன்னடத்தில், "நடி, ஹோகோணா," என்று கிளம்பச் சொன்னார். கார் பின்னாலேயே போய், அகலமான இடத்தில் திரும்பிக்கொண்டது. அப்பா அது மறையும்வரை பார்த்துவிட்டு, முள்ளைச் சரிசெய்து, கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டார். பொழுது சாயும்வரை எழவில்லை. சாப்பாடும் அங்கேயே போனது.

மறுநாள் பஸ் வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. பாலத்தில் போட்ட ஒட்டு அசையவே இல்லை. ஒவ்வொரு ஐப்பசி மழைக்கு முன்னாலும் அக்காவோடு அப்பாவும் மம்முட்டி எடுத்தார். நான் காலேஜ் முடிக்கும்வரை அந்த ரோடு தாங்கியது. அக்கா போன பஸ்ஸிலேயே என்னையும் ஓசூர் காலேஜுக்குப் போக அந்த டிரைவர் ஏற்றிக்கொண்டார். அந்த ஒட்டுப் போட்டு நான்கு வருஷம் கழித்து அக்கா தானே சரியென்று சொன்ன இடத்தில் கல்யாணம் செய்துகொண்டு, இன்றைக்கும் வேலைக்குப் போகிறாள். நான் இன்று நாலு எழுத்துப் படித்து, மாதம் பிறந்தால் சொந்தச் சம்பளம் வாங்குகிறேன் என்றால் அது அவர்கள் மூன்று பேரும் அந்தச் சதுரத்தில் இடித்த இடிதான். அப்பா இருக்கும்போது இதை அவரிடம் வாய்விட்டுச் சொல்லாமல் விட்டேன். அந்த வருத்தம் எனக்கு உண்டு.

ஆனால் கார் திரும்பிப்போன அன்றைக்கு எனக்கு நன்றியும் இல்லை, ஒன்றும் இல்லை. கடுப்புதான். வீட்டில் அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கேசரிப் பாத்திரத்தை மூடிவிட்டாள். கொல்லையில் அக்கா மண்ணெண்ணெய் போட்டுத் தாரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் பக்கத்தில் குந்திக்கொண்டு அப்பாவின் மேல் புகார் சொன்னேன்.

"பாரு அக்கா, அப்பாக்கு மறதி. பிக்கப்புக்கெல்லாம் தோட்டத்துல வழி உட்டாரு, பால் வண்டிக்கும் உட்டாரு. கார்காரங்களுக்கு மட்டும் சொல்லவே இல்ல. நான் சொன்னாலும் கம்முனு இருன்னுட்டாரு."

அக்காவின் கை நின்றுவிட்டது. "பிக்கப்பெல்லாம் தோட்டத்து வழியாவா போச்சு?" என்று மெதுவாகக் கேட்டாள். வண்டிகள் போனபோது அவள் மண்ணெண்ணெய் கேட்டு வாங்க ஊருக்குள் போயிருந்தாள்.

"ஆமா, நாலு வண்டி. அப்பாதான் படலைத் தொறந்தாரு."

அவள் தார்க் கையோடேயே என்னை இழுத்துக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். என் நல்ல பாவாடை முழுக்கக் கறுப்பு. ரோடுதான் நன்றாக ஆகிவிட்டதே, இவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. கேசரி போச்சே என்று அழுகிறாள் போல என்று நினைத்து, அம்மாவுக்குத் தெரியாமல் அவளுக்கும் சேர்த்து ஒரு கை அள்ளிவர எழுந்து போனேன்.